மூவாயிரத்தின் மேல் போட்ட பழி

டெட்ராய்ட் நகரையும் பான்டியாக்கையும் இணைக்கும் உட்வர்ட் அவென்யூவில், ஆகஸ்டு மாதத்து மூன்றாவது சனிக்கிழமை பழைய அமெரிக்கக் கார்கள் வரிசை கட்டி வரும். 1995-இல் தொடங்கிய திருவிழா. ஷெவெல், காமரோ, சேலஞ்சர், மஸ்டாங் என்று பானெட்டுக்குள் வி-8 இன்ஜின் உறுமும் வண்டிகள் எல்லாம் அன்றைக்குத் தேர் நகரும் வேகத்தில்தான் நகரும். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நிற்கும், மறுபடி ஊரும்.

இந்த வண்டிகளைத் தங்கள் கையாலேயே பிரித்துப் பூட்டுகிறவர்கள் நடுவே ஒரு தீர்ப்பு நெடுங்காலமாகச் செல்லுபடியாகிறது: ‘ஹை ஸ்டால் கன்வெர்ட்டர் ரேஸ் தடத்துக்கு, ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு ஆகாது.’ காரணங்களும் தயாராக இருக்கின்றன. ‘3000 ஸ்டால் போட்டால் இன்ஜினை 3000 சுற்று வரை அலறவிட்டால்தான் வண்டி அசையும். ஹைவேயில் வழுக்கிக்கொண்டே போகும், பெட்ரோலைக் குடிக்கும். ஆயில் காய்ந்து கியர்பாக்ஸ் கருகும். பிக்கப் வேண்டுமென்றால் பின் அச்சுக் கியரை மாற்று, கன்வெர்ட்டரைத் தொடாதே.’

நான்கு குற்றச்சாட்டுகள். முதலாவது முழுத் தவறு. இரண்டாவதும் மூன்றாவதும் அரை உண்மை. நான்காவது, நோயை விட மோசமான மருந்து. உண்மையில் ரோட்டுக்கு ஆகாதது வேறொரு சேர்க்கை. அதைப் பற்றி இவர்கள் வாய் திறப்பதில்லை.

முதலில், பேசுகிற பொருள் என்னவென்று பார்த்துவிடுவோம். டார்க் கன்வெர்ட்டர் என்ற பெயர் நம் ஊர் ஷோரூமிலும் இன்று அடிபடுகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்சின் இடத்தில் இருப்பது அது. தயிர்ப் பானையில் ஒரு மத்தைக் கடைந்தால் தயிர் சுழலும். அதே பானையில் இன்னொரு மத்தைச் சும்மா நிறுத்தி வைத்தால், சுழலும் தயிர் அதையும் சுழற்றும். கடையும் மத்து இன்ஜினோடு இணைந்த இம்பெல்லர். சுழற்றப்படும் மத்து கியர்பாக்ஸோடு இணைந்த டர்பைன். தயிர்தான் ஆயில். இந்த இரண்டை மட்டும் வைத்தால் அது வெறும் இணைப்பு. நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரத்தை வைத்து, திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றி இம்பெல்லருக்கே உதவியாகத் தள்ளினால் இன்ஜினின் முறுக்கு விசை பெருகும். வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் சுமார் இரண்டு மடங்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்தது இது. 1948-இல் ப்யூக் நிறுவனம் டைனாஃப்ளோ என்ற பெயரில் அமெரிக்கக் குடும்பக் காருக்குள் கொண்டுவந்தது.

ஸ்டால் வேகம் என்பது, டர்பைனை அசையாமல் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் எந்தச் சுற்று வரை ஏற முடிகிறதோ அந்த எண். அந்தச் சுற்றில் இன்ஜினின் பலமும் ஆயிலின் தடையும் சமமாகிவிடும். அதற்கு மேல் ஏறாது. ‘முழுக்க மிதித்தால்’ என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். முதல் குற்றச்சாட்டு முழுவதும் இந்த இரண்டு சொற்களை மறந்ததால் பிறந்தது.

ஆயிலின் தடை இன்ஜின் சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. சுற்று இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. இதையே திருப்பிச் சொன்னால், இன்ஜின் கொடுக்கும் முறுக்கு விசை நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் ஸ்டால் வேகம் பாதியாகும். 400 பவுண்டு-அடி முறுக்கு விசை தரும் வி-8 இன்ஜினின் பின்னால் 3000 சுற்றில் ஸ்டாலாகும் கன்வெர்ட்டரை எடுத்துக்கொள்வோம். மெதுவாக மிதித்து 100 பவுண்டு-அடி மட்டும் கொடுத்தால் அதே கன்வெர்ட்டரின் ஸ்டால் 1500. வெறும் 25 கொடுத்தால் 750. அது ஐடிலிங் வேகம். விளக்கு பச்சையானதும் மிதமாக மிதித்துக் கிளம்புகிறவனுக்கு வண்டி 1500 சுற்றுக்குள்ளேயே நகர்ந்துவிடும். இன்ஜினை 3000 வரை அலறவிட யாரும் கேட்கவில்லை. முழுக்க மிதிப்பவனுக்குத்தான் அந்த 3000. அவன் கேட்டதும் அதைத்தான்.

அட்டைப்பெட்டியில் அச்சடித்த ‘3000’ கன்வெர்ட்டரின் பிறவிக் குணம் இல்லை என்பதும் இதே கணக்கில் அடங்கியிருக்கிறது. மேலே சொன்ன கன்வெர்ட்டரை 225 பவுண்டு-அடி தரும் சிறிய இன்ஜினில் பூட்டினால் 2250-இல் ஸ்டாலாகும். 625 தரும் பெரிய இன்ஜினில் பூட்டினால் 3750. ‘மூவாயிரம் என்று சொல்லி விற்றார்கள், இரண்டாயிரத்துச் சொச்சம்தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று ஒருவர் புலம்புவார். ‘மூவாயிரம் என்றார்கள், வண்டி கட்டுக்கடங்கவில்லை’ என்று இன்னொருவர் சபிப்பார். இருவரிடமும் இருப்பது ஒரே கன்வெர்ட்டராகவே இருக்கலாம். இன்ஜினைச் சொல்லாமல் ஸ்டால் எண்ணை மட்டும் சொல்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை அளவைச் சொல்வது மாதிரி.

இப்போது உட்வர்டின் சிவப்பு விளக்குக்கு வருவோம். தீர்ப்புச் சொல்கிறவர்கள் தவறாமல் சாட்சிக்கு அழைப்பது இந்த இடத்தைத்தான். நானும் அதையே அழைக்கிறேன்.

வண்டியைப் பலப்படுத்த நினைப்பவன் முதலில் கைவைப்பது கேம்ஷாஃப்டில். வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும்படி ஒரு கேமைப் போட்டால் இன்ஜினின் பலம் மேல் சுற்றுகளுக்கு நகரும். கீழே சோர்வு வரும். ஐடிலிங் தடதடக்கும். அந்தத் தடதடப்புக்காகவே கேம் மாற்றுகிறவர்களும் உண்டு. நல்ல ஐடிலிங்குக்குப் பழைய 600 சுற்று போதாது, 900 வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடம் குறையும். அந்த வெற்றிடத்தை நம்பித்தான் பிரேக் பூஸ்டர் இருக்கிறது.

இந்த இன்ஜினின் பின்னால், ‘ரோட்டுக்கு ஏற்றது’ என்று இவர்கள் சிபாரிசு செய்யும் பழைய இறுக்கமான கன்வெர்ட்டரை விட்டு வைத்தால் என்ன ஆகும்? அதே 400 பவுண்டு-அடிக்கு 1800 சுற்றில் ஸ்டாலாகும் கன்வெர்ட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்து 900 சுற்றில் நிற்கும்போது அது இன்ஜினிலிருந்து உறிஞ்சும் முறுக்கு விசை 100 பவுண்டு-அடி. 3000 ஸ்டால் கன்வெர்ட்டர் அதே நிலையில் உறிஞ்சுவது 36 மட்டும். பேனா, காகிதம் எடுத்து யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

தடதடக்கும் கேம் உள்ள இன்ஜினுக்கு ஐடிலிங்கில் 100 பவுண்டு-அடி என்பது முதுகொடிக்கும் சுமை. கியரில் போட்டதும் சுற்று சரியும், வண்டி ஆஃப் ஆகும். ஆஃப் ஆகாமலிருக்க ஐடிலிங்கை இன்னும் ஏற்றுவார்கள். ஏற்ற ஏற்றச் சுமை வர்க்கத்தில் கூடும். அந்த 100 கன்வெர்ட்டரில் இரு மடங்காகி, டர்போ 350 கியர்பாக்ஸின் முதல் கியரில் 2.52 மடங்காகிப் பின் அச்சுக்குப் போகும்போது சுமார் 500 பவுண்டு-அடி. அத்தனையையும் பிடித்து நிறுத்த வேண்டியது, வெற்றிடம் குறைந்து பாதி பலத்தில் இருக்கும் பிரேக். முன்னால் நிற்கும் வண்டியின் பம்பருக்கும் நமக்கும் நடுவே இருப்பது வலது காலின் வலு மட்டுமே. தளர்வான 3000 ஸ்டால் கன்வெர்ட்டரில் அதே கணக்கு 180 சொச்சத்தில் முடிந்துவிடும்.

இவற்றில் எது ரோட்டு வண்டி? கியரில் போட்டால் திமிறுவதா, சாதுவாக நிற்பதா? கேம் மாற்றிய இன்ஜினுக்கு இறுக்கமான கன்வெர்ட்டர்தான் ரோட்டுக்கு ஆகாத சேர்க்கை. ‘பெரிய கேம் போட்டேன், வண்டி ஓட்டவே லாயக்கில்லாமல் போய்விட்டது’ என்று கேமின் மேல் போடும் பழியில் பாதி, மாற்றாமல் விட்ட கன்வெர்ட்டருக்குச் சேர வேண்டியது.

இது தனியார் பட்டறைகளின் கண்டுபிடிப்பு என்று யாராவது நினைத்தால், ஜெனரல் மோட்டார்ஸின் பொறியாளர்கள் 1965 முதல் 1967 வரை செய்ததைப் பார்க்கட்டும். ப்யூக், ஓல்ட்ஸ்மொபில், காடில்லாக் கார்களின் டர்போ 400 கியர்பாக்ஸில் ஸ்டேட்டர் இலைகளின் கோணம் மாறும் கன்வெர்ட்டரைக் கொடுத்தார்கள். ஒரு கோணத்தில் இறுக்கம், இன்னொரு கோணத்தில் தளர்வு. முழுக்க மிதித்தால் தளரும் என்பது எதிர்பார்க்கக்கூடியது. ஐடிலிங்கில் நிற்கும்போதும் தளர்த்தினார்கள், வண்டி ஊர்ந்து முன்னே தள்ளாமலிருக்க. காடில்லாக் வாங்கிய முதலாளிகள் ரேஸ் விடப் போகவில்லை. கிறைஸ்லரும் 426 ஹெமி, 340 போன்ற வேகமான இன்ஜின்களுக்கு, வழக்கமான பதினொன்றே முக்கால் அங்குலத்துக்குப் பதில் பத்தே முக்கால் அங்குலக் கன்வெர்ட்டரைத் தொழிற்சாலையிலேயே பூட்டியது. விட்டம் குறைந்தால் பிடிப்பு குறையும், ஸ்டால் ஏறும். நம் காலத்தில் 2018-இன் டாட்ஜ் டீமன், 840 குதிரைத்திறனோடு நம்பர் பிளேட் மாட்டி விற்ற வண்டி, ஸ்டால் உயர்த்திய கன்வெர்ட்டரோடுதான் வந்தது. ரோட்டுக்கு ஆகாது என்ற தீர்ப்பு இவர்கள் யாருக்கும் எட்டவில்லை போலும்.

அடுத்தது ஹைவே. ‘ஓடும் சுற்று ஸ்டால் எண்ணுக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டே இருக்கும்’ என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். இதுவும் முழுக்க மிதித்த காலை வைத்துப் போட்ட கணக்கே. சமதளத்தில் மணிக்கு 60 மைல் வேகத்தைத் தக்கவைக்க ஒரு செடான் காருக்கு 25 குதிரைத்திறனே தாராளம். 2200 சுற்றில் அது 60 பவுண்டு-அடி. அந்த லேசான சுமைக்கு நம் 3000 கன்வெர்ட்டரின் ஸ்டால் 1160. வண்டி ஓடுவது அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சுற்றில். ஸ்டேட்டர் தன் வேலையை முடித்துச் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். இரண்டு மத்துகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடும். ஒழுங்காகக் கட்டிய கன்வெர்ட்டரில் வழுக்கல் ஆறேழு சதவீதத்துக்குள் நிற்கும்.

அந்த இழப்புதான் வெப்பமாகிறது. 25 குதிரைத்திறனில் ஆறு சதவீதம் என்றால் ஒன்றரைக் குதிரைத்திறன், ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல். வீட்டு இஸ்திரிப் பெட்டியின் சூடு அவ்வளவு இருக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் ஆயில் கூலரைப் பூட்டினால் தீர்ந்தது. பெட்ரோல் செலவு கொஞ்சம் கூடும் என்பதை நான் மறைக்கவில்லை. அதையும் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது: லாக்-அப். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு கிளட்ச் இறுகி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இரும்போடு இரும்பாகப் பூட்டிவிடும். பேக்கார்ட் 1949-லேயே செய்தது. 1978-இல், அமெரிக்க அரசின் எரிபொருள் விதிகள் நடைமுறைக்கு வந்த வருடம், கிறைஸ்லர் திரும்பக் கொண்டுவந்தது. 1982 முதல் வந்த 700ஆர்4 மாதிரியான நான்கு கியர் பெட்டிகளில் அது சாதாரணம். கிளட்ச் இறுகிய நிமிடத்திலிருந்து ஸ்டால் 1800 ஆனாலும் 4000 ஆனாலும் வண்டிக்கு ஒன்றுதான். நாற்பது வருடத்துக்கு மேலாகக் கிடைக்கும் தீர்வை மறந்துவிட்டு, ‘ஹைவேயில் வழுக்கும்’ என்பதை இன்னும் ஆகமம் போல ஓதுகிறார்கள்.

நான்காவது சிபாரிசு எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ‘கன்வெர்ட்டரை விடு, பின் அச்சில் 3.08 இருந்தால் 4.10 போடு.’ 26 அங்குல டயரில் மணிக்கு 60 மைல் போகும் வண்டி 3.08 கியரில் ஏறக்குறைய 2400 சுற்றில் ஓடும், 4.10-இல் 3200-ஐ நெருங்கும். வழுக்கல், பெட்ரோல் செலவு என்று பயந்து கன்வெர்ட்டரை ஒதுக்கியவர், பயணத்தின் ஒவ்வொரு மைலுக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுற்றை இரைச்சலோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறார். கன்வெர்ட்டர் கேட்டபோது மட்டும் சுற்றைக் கொடுக்கும். கியர், கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இதே ஆட்கள் கையால் கியர் மாற்றும் வண்டியில் 3000 சுற்றில் கிளட்சைச் சரேலென விடுவதைக் கொண்டாடுவார்கள். அங்கே வழுக்குவது உராய்வுத் தகடு. தேய்ந்துபோகும், நாறும், மாற்ற வேண்டும். இங்கே வழுக்குவது ஆயில். ஆயில் தேயாது, சூடாகும், ஆறும்.

அப்படியானால் இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து வரவில்லை. மூன்று வழிகளில் வந்தது. ஒன்று, மலிவுச் சரக்கு. ஸ்டாலை உயர்த்த நேர்மையான வழி விட்டத்தைக் குறைத்து, அதற்கேற்ற ஸ்டேட்டர் வைத்து, இலைகளை உலையில் பற்றவைத்து இறுக்குவது. குறுக்கு வழியும் இருக்கிறது: பழைய கன்வெர்ட்டரை அறுத்து, இலைகளை வளைத்து, இடைவெளியைக் கூட்டி மூடிவிடுவது. பெட்டியில் இரண்டுக்கும் எண் ஒன்றே. ரோட்டில் நேர்மையாகக் கட்டியது இறுகிப் பிடிக்கும். குறுக்கு வழியில் வந்தது எல்லா வேகத்திலும் கொழகொழத்து வழுக்கும். இரண்டாவது, ரேஸ் தடத்தில் யாரோ 5500 சுற்றில் கிளம்புகிறார் என்று எட்டு அங்குலக் கன்வெர்ட்டரைத் தூக்கிவந்து, 4500-க்கு மேல் மூச்சு விடாத இன்ஜினில் பூட்டுவது. மூன்றாவது, எதையும் மாற்றாத கம்பெனி இன்ஜினில் 3000 போடுவது. கீழ்ச் சுற்றிலேயே நன்றாக இழுக்கும் இன்ஜினுக்கு அதனால் லாபம் சொற்பம். மூன்றிலும் குற்றம் பொருத்தம் பார்க்காததில்தான் இருக்கிறது. ஜாதகம் பார்க்காமல் முடித்துவைத்துவிட்டுப் பெண்ணைக் குறை சொன்ன கதை.

எதிர்த்தரப்புக்கு நியாயமாகச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். லாக்-அப் இல்லாத கியர்பாக்ஸ், 2.73 கியர், மலைப்பாதை. 45 மைல் வேகத்தில் ஏற்றம் 250 பவுண்டு-அடி கேட்டால், 1600 சுற்றில் ஓட வேண்டிய இன்ஜின் 2400-க்குத் தாவும். பலத்தில் கணிசமான பங்கு ஆயிலைக் காய்ச்சப் போகும். பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுப்பவனுக்கு இது தினசரித் தொல்லை. அவனுக்கு ஹை ஸ்டால் வேண்டாம் என்று நானும் சொல்வேன். வேடிக்கை காட்ட பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒருசேர மிதித்து வைத்திருக்கிறவருக்கும் எச்சரிக்கை உண்டு: 3000 சுற்றில் 400 பவுண்டு-அடி என்றால் சுமார் 228 குதிரைத்திறன், 170 கிலோவாட், அத்தனையும் சில லிட்டர் ஆயிலுக்குள் வெப்பமாக இறங்கும். இஸ்திரிப் பெட்டிக் கணக்கில் நூற்றைம்பதுக்கு மேல். ஓரிரு விநாடிக்கு மேல் அங்கே நிற்கக் கூடாது. ஆனால் அது அந்தக் காலின் குணம். கன்வெர்ட்டர் தானாக அப்படி நிற்பதில்லை.

இதற்கெல்லாம் பரீட்சை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ‘ஹாட் ராட்’ பத்திரிகை 2005 முதல் டிராக் வீக் என்று ஒரு போட்டி நடத்துகிறது. ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் ஒரு தடத்தில் கால் மைல் ஓட்டம். அது முடிந்ததும் அதே வண்டியைப் பொதுச் சாலையில் அடுத்த ஊர்த் தடம் வரை ஓட்டிப் போக வேண்டும். கூடவே உதவி வண்டி வரக் கூடாது. மொத்தத்தில் சுமார் ஆயிரம் மைல். வெயில், நெரிசல், பெட்ரோல் பங்க் வரிசை எல்லாம் உண்டு. அங்கே வரும் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ஹை ஸ்டால் சகஜம். லாக்-அப், ஓவர்டிரைவ், பெரிய கூலர் என்று பொருத்தம் பார்த்துக் கட்டி வருகிறார்கள். ஆகாது என்ற தீர்ப்பு உண்மையானால் அந்தப் பந்தயம் முதல் நாளே படுத்திருக்கும்.

ஆகவே கன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர் ‘எத்தனை ஸ்டால்?’ என்று கேட்டுத் தொடங்கினால், கடைக்காரர் பதில் சொல்லக் கூடாது. திருப்பிக் கேட்க வேண்டும்: இன்ஜின் என்ன, கேம் என்ன, எந்தச் சுற்றில் பலம் வருகிறது, வண்டி எடை எவ்வளவு, பின் அச்சு என்ன, டயர் எவ்வளவு உயரம், லாக்-அப் உண்டா. இவற்றுக்குப் பதில் வந்த பிறகு விழும் எண் 2400 ஆகலாம், 3200 ஆகலாம். அதுதான் அந்த வண்டியின் ரோட்டுக் கன்வெர்ட்டர்.

உட்வர்டில் அடுத்த சிவப்பு விளக்கு விழும்போது வண்டிகளை உற்றுப் பாருங்கள். மூக்கைத் தாழ்த்தி, பிரேக்கோடு மல்லுக்கட்டி, ஓட்டுநர் நியூட்ரலுக்கும் டிரைவுக்குமாகக் கையை அலைக்கழிக்கும் ஒரு வண்டி தெரியும். அதன் பக்கத்திலேயே, கேம் அதே தாளத்தில் தடதடத்தாலும், டிரைவிலேயே அசையாமல் நிற்கும் இன்னொன்று தெரியும். ரோட்டுக்கு ஆகாது என்று இவர்கள் தள்ளிவைத்த பொருள் இருப்பது, பெரும்பாலும், அசையாமல் நிற்கும் வண்டிக்குள்தான்.